வலது கையில் மை

2024 மார்ச் 16, சனிக்கிழமை, தேர்தல் தேதிகளை அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19. எங்கள் புனேக்கு மே 13. மறுநாள் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போன். வெயில், மாங்காய் விலை, எதிர்வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் அம்மா கேட்டாள்.

"ஏய்யா, இந்த ஓட்டுக்கு நீ வாரியா?"

"எனக்கு ஓட்டு இங்கதானம்மா. பேரை மாத்தி எட்டு வருஷமாச்சே."

"உன் ஓட்டுக்கில்ல. என் ஓட்டுக்கு."

அம்மாவுக்கு அப்போது 76 வயது. கோவில்பட்டியில் அப்பாவும் அவளும் மட்டும். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது. வயதானவர்களுக்கு வருவதுதான், மாகுலர் டீஜெனரேஷன் என்று மதுரை டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால் ஓரப் பார்வை போகாது. வாசற்படி தெரியும், எதிரே வரும் மாடு தெரியும், அடுப்பில் பால் பொங்குவது தெரியும். எதை நேருக்கு நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் தெரியாது. ஆள் வருவது தெரியும், யாரென்று குரல் கேட்டால்தான் தெரியும். தெருவில் விறுவிறுவென்று நடந்து போகிறவளைப் பார்த்து, கண்ணில் கோளாறு என்று யாரும் நம்பமாட்டார்கள். (இது பின்னால் பூத்தில் ஒரு வம்பை இழுத்துவிட்டது. அதற்கு வருகிறேன்.)

அவள் சொன்ன கதை 2021 சட்டமன்றத் தேர்தலைப் பற்றியது. ஏப்ரல் 6. கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம், நாங்கள் புனேயிலிருந்து நகரவில்லை. அப்பாவும் அம்மாவும் பூத்துக்குப் போயிருக்கிறார்கள். அப்பா ஆண்கள் வரிசையில் முதலில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அம்மா உள்ளே போய், சின்னம் தெரியவில்லை என்று சொன்னதும், பக்கத்தில் நின்ற ஒரு பையன் "ஆச்சி, நான் வாரேன்" என்று கூடவே வந்திருக்கிறான். தெரிந்த பையன்தான். ஒரு கட்சிக்கு ஓடியாடி வேலை பார்க்கிறவன். அம்மா சின்னத்தைச் சொன்னாள். அவன் அமுக்கினான். பீப் சத்தம் வந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அதே சத்தம்தானே.

"அவன் எதை அமுக்குனானோ" என்றாள் அம்மா. மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னதைத்தான் அமுக்கியிருப்பான். நல்ல பையன்தான். ஆனா மனசுக்குள்ள ஒரு இது இருக்கில்லா."

"அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவருகிட்ட எப்படிய்யா சொல்ல?"

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எந்தக் கட்சி என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். டீக்கடையில் பேசுவார், வீட்டில் பேசுவார், டிவியோடும் பேசுவார். ஐம்பது வருடமாக அம்மா காபி ஆற்றிக்கொண்டே "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு ஓட்டும் ஒரே பெட்டிக்குத்தான் போகிறது என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே வந்ததில்லை. எனக்கும்தான்.

அந்த 'ஒரு இது'வுக்காக டிக்கெட் போட்டேன். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் முன்னூறைத் தாண்டியிருந்தது. மதுரை வரை விமானம், அங்கிருந்து பஸ்.

போவதற்கு முன்னால் விதிகளைத் தேடிப் படித்தேன். படித்தவரை சொல்கிறேன், ஊரில் பெரியவர்களை வைத்துக்கொண்டு வெளிமாநிலத்தில் இருக்கிற நம் எல்லாருக்கும் உதவும்.

முதலில் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடுகிற வசதியைப் பார்த்தேன். 2019-ல் 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் தபால் ஓட்டு என்று விதியைத் திருத்தினார்கள். அதிகாரிகளே வீடியோ எடுப்பவரோடு வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். 2021-ல் அப்பாவுக்கு 79. சரி, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். 2024 மார்ச் ஒன்றாம் தேதி அந்த 80-ஐ 85 ஆக்கிவிட்டார்கள். அப்பாவுக்கு 82! துரத்திக்கொண்டு போனால் முன்னால் ஓடுகிற பஸ் மாதிரி. அம்மாவுக்கு ஊனச் சான்றிதழ் வாங்கி 12-டி படிவம் கொடுக்கலாம், ஆனால் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சான்றிதழ் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. கிடைத்தாலும் அம்மா சம்மதிக்கமாட்டாள். "வீட்டுக்குள்ள உக்காந்து போட்டா அது ஓட்டா? நாலு பேரு பாக்க வரிசையில நிக்கணும்ய்யா" என்றாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வெளியே போக அவளுக்குக் கிடைக்கிற சொற்ப சந்தர்ப்பங்களில் அது ஒன்று, அதையும் ஏன் கெடுப்பானேன்.

ஆக, பூத்துதான். 1961-ஆம் வருடத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் இதற்கு இரண்டு இடம் இருக்கிறது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 49-டி என்பது வாக்குச்சாவடிக்குள் யார் யார் நுழையலாம் என்கிற பட்டியல். அலுவலர்கள், வேட்பாளர், அவருடைய ஏஜெண்டு, வாக்காளரின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தை, தனியாக நடக்க முடியாத வாக்காளரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், இப்படி. ஆனால் உள்ளே வருவது வேறு, அட்டை மறைப்புக்குப் பின்னால் போவது வேறு. அதற்கு 49-என். கண் தெரியாததாலோ வேறு உடல் இயலாமையாலோ சின்னத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அல்லது பொத்தானை அமுக்க முடியாது என்று தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால், 18 வயது நிரம்பிய ஒருவரை வாக்காளர் தன்னோடு கூட்டிக்கொண்டு போகலாம். அவர் வாக்காளர் விரும்புகிறபடி ஓட்டைப் பதிவு செய்ய வேண்டும்.

'விரும்புகிறபடி'. அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. துணைக்குப் போகிறவர் விரல்தான், தலை இல்லை. ராணுவத்தில் இருப்பவர்களுக்குப் பதிலாக ஊரில் ஓட்டுப் போடும் பதிலாள் கதை வேறு. அந்தப் பதிலாளுக்கு இடது கை நடுவிரலில் மை வைப்பார்கள். துணையாளுக்கு மை வலது கை ஆள்காட்டி விரலில். அவனவன் சொந்த ஓட்டுக்கு இடது கை ஆள்காட்டி விரல். எந்த விரலில் மை இருக்கிறது என்று பார்த்தே யார் என்ன செய்துவிட்டு வந்தார் என்று சொல்லிவிடலாம்.

வலது கையில் எதற்கு மை? ஒருவர் ஒரு நாளில் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை போகலாம். இந்த பூத்தில் ஒருவர், அந்த பூத்தில் ஒருவர் என்றும் கிடையாது. போவதற்கு முன்னால், இன்று வேறு யாருக்கும் துணை போகவில்லை, இந்த ஓட்டின் ரகசியத்தைக் காப்பேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். யார் யாருக்கு யார் துணை போனார்கள் என்று 14-ஏ படிவத்தில் குறித்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே ஆள் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றுகொண்டு, சாயங்காலத்துக்குள் தெருவில் இருக்கிற அத்தனை தாத்தா பாட்டிகளையும் 'கை பிடித்துக் கூட்டிக்கொண்டு' போய்விடுவான்.

எங்கள் வீட்டில் இந்த விதி வேறு ஒரு சிக்கலைக் கிளப்பியது. அப்பாவுக்கும் ஆள் வேண்டும். 2021-க்குப் பிறகு பார்க்கின்சன் வந்து கை நன்றாகவே நடுங்குகிறது. காபி டம்ளரையே இரண்டு கையாலும் பிடிக்கிறார். மெஷினில் பொத்தான்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன, விரல் பக்கத்துப் பொத்தானில் விழுந்தால் விழுந்ததுதான். அழித்து எழுத முடியாது. மகன் வருகிறான் என்றதும், தனக்காகத்தான் வருகிறான் என்று அப்பா முடிவே செய்துவிட்டார்.

"ஒரு ஆளுக்கு ஒரு ஆள்தான்பா. நான் அம்மாகூடப் போறேன்" என்றேன், வந்து இறங்கிய அன்று ராத்திரி.

"ஏன்? அவளுக்கு என்னத்துக்கு நீ?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மருமக வரட்டும். அவளுக்கு நம்மூரு அரசியலெல்லாம் தெரியாது, சொன்னதை அமுக்குவா" என்றார். தங்கமணி பிறந்தது வளர்ந்தது எல்லாம் மாட்டுங்கா. நம்மூர் அரசியலில் எனக்கே பாடம் எடுக்கிற ஆள். ஆனால், "சரி மாமா" என்று மட்டும் சொன்னாள். ஐம்பது வருடம் மாமியார் சொன்ன "ஆமா, ஆமா" தொனி அப்படியே இருந்தது. எங்கிருந்து கற்றுக்கொண்டாள் தெரியவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. ஏழரைக்கே போய்விட்டோம். பள்ளிக்கூடத்தில் சாய்வுதளம் போட்டு, சக்கர நாற்காலி ஒன்றும் வைத்திருந்தார்கள். வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் வரிசையில் காத்திருக்க விடவில்லை. குறையே சொல்ல முடியாது.

தலைமை அலுவலர் ஒரு அம்மா. ஏதோ பள்ளியில் டீச்சராக இருக்க வேண்டும், பேசுகிற விதத்திலேயே தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஏஜெண்டு எழுந்தார்.

"மேடம், இந்தம்மா நல்லா நடந்துதான வாராங்க? நேத்துகூட மளிகைக் கடையில பாத்தேன்."

டீச்சரம்மா என் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும் தாயி" என்றாள் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா நிதானமாகத் தொடர்ந்தாள். "நீங்க சேலை கட்டியிருக்கிறது தெரியுது. பச்சைக் கலருங்கிறதும் தெரியுது. உங்க முகந்தான் இல்ல."

அறையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. டீச்சரம்மா எழுந்து வந்து, சுவரில் ஒட்டியிருந்த வேட்பாளர் பட்டியல் பக்கம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். எந்தச் சின்னத்துக்குப் போடப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை, அதைக் கவனித்தேன். நடுவில் ஏதோ ஒரு சுயேச்சையின் சின்னத்தில் விரலை வைத்து, "இது என்ன படம்மா?" என்றார். அம்மா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "மை கொட்டுனாப்ல இருக்கு" என்றாள்.

அது முடிந்தது என்றால், அதே ஏஜெண்டுக்கு அடுத்த சந்தேகம். "சாருக்கு இந்த பூத்துல ஓட்டே கிடையாதே மேடம்? வெளியூர்க்காரர்லா?" நான் பிறந்து வளர்ந்த தெருவில் நின்றுகொண்டு இதைக் கேட்பது கொஞ்சம் உறைத்தது. ஆனால் ஆதார் அட்டையில் புனே என்று இருக்கும்போது என்ன பேச முடியும்? டீச்சரம்மா கையேட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்து மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், உங்களுக்குப் பதினெட்டு வயசு ஆயிருச்சா?"

எனக்கு 47. தலையில் முடி எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். "ஆயிருச்சு மேடம்" என்றேன். ஏஜெண்டே சிரித்துவிட்டார்.

உறுதிமொழியில் கையெழுத்து. அம்மாவின் இடது கையில் மை, என் வலது கையில் மை.

மறைப்புக்குப் பின்னால் போனதும், "எதும்மா?" என்று காதருகே கேட்டேன். அவள் உடனே சொல்லவில்லை. "வரிசையா வாசிய்யா" என்றாள். முதல் பெயர், சின்னம். இரண்டாவது பெயர், சின்னம். சுயேச்சைகளையும் விடவில்லை. ஒரு மெஷினில் நோட்டாவையும் சேர்த்துப் பதினாறு வரிசை. இன்னும் சில பெயர்கள் அடுத்த மெஷினில் என்றால் அதற்கும் போக வேண்டும். கிசுகிசுப்பாகவே எல்லாவற்றையும் படித்தேன். வெளியே யாரோ இருமினார்கள். அம்மா அவசரப்படவில்லை. கண் நன்றாக இருந்த காலத்தில் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தானே போட்டிருப்பாள், அதைத்தான் இப்போதும் செய்துகொண்டிருந்தாள். என் வாயால்.

எல்லாம் கேட்ட பிறகு ஒரு சின்னத்தைச் சொன்னாள்.

அவளுடைய விரலைப் பிடித்து அந்தப் பொத்தான்மேல் வைத்தேன். அவளே அமுக்கினாள். பக்கத்தில் விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்றது. ஏழு நொடிதான் தெரியும்.

"சீட்டு வந்துட்டாய்யா?"

"வந்துட்டும்மா."

"நான் சொன்னதுதானா?"

சீட்டில் இருந்த எண், பெயர், சின்னம் மூன்றையும் படித்துச் சொன்னேன். பீப் சத்தம் வந்தது.

"சரி" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்று தோன்றியது. வாக்காளர் தன் கண்ணாலேயே சரிபார்க்கட்டும் என்றுதான் அந்தச் சீட்டு இயந்திரத்தை வைத்தார்கள். கண் தெரியாதவருக்கு அதுவும் இன்னொருவர் கண்தான். மெஷினில் பொத்தானுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண்கள் இருக்கின்றன, பிரெய்ல் படித்தவர்கள் துணையே இல்லாமல் போட்டுவிட்டு வரலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் எழுபது வயதில் பார்வை போன அம்மாக்களுக்கு பிரெய்ல் எங்கே தெரியும்? அவர்களுக்குக் கடைசி வரை ஆள்தான்.

நான் ஆச்சரியப்பட்டேனா இல்லையா என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னாலே பாதி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அப்பாவும் தங்கமணியும் எங்களுக்கு முன்னாலேயே வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றார்கள். அப்பா முகத்தில் திருப்தி. தங்கமணி வலது கை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து காபி. அம்மா அடுக்களைக்குள் போனதும் அப்பா நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏலே, உங்கம்மா எதுக்குப் போட்டா?"

"சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன்பா."

"நான் அவ புருஷன்லே."

"ஃபார்ம்ல அப்படி ஒரு விலக்கு எதுவும் போடலப்பா."

"என்னலே பெரிய ஃபார்ம்" என்றார். அடுக்களையில் பாத்திரம் கொஞ்சம் பலமாகவே உருண்டது. மதியச் சாப்பாட்டின்போது இன்னொரு தடவை கேட்டார். பஸ் ஏறும்போது ஒரு தடவை. ஜூன் 4 முடிவு வந்த அன்று போனில், சம்பந்தமே இல்லாதது மாதிரி, இன்னொரு தடவை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு, யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. அப்பாவுக்கு அதையும் படித்துக் காட்டினேன். "சட்டம் படிச்சவன் மாதிரி பேசுதான்" என்று அம்மாவிடம் புகார் போனது. அம்மா, "ஆமா, ஆமா" என்றாளாம்.

தங்கமணியிடம் நான் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை. அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதைத்தான் போட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் அதைச் சொன்னபோது, தங்கமணி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றாள். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆபீஸ் விஷயம் ஒன்று. ஓட்டுப் போடும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று அதே சட்டத்தில் 135-பி பிரிவு இருக்கிறது. ஆனால் அது நம் சொந்த ஓட்டுக்கு. அம்மாவின் ஓட்டுக்குப் போக கேஷுவல் லீவ்தான். காரணம் என்ற கட்டத்தில் 'அம்மாவின் வாக்குரிமை' என்று போட்டேன். மேனேஜர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அனுமதித்தார்.

மே 13, திங்கள்கிழமை, புனேயில் எங்கள் ஓட்டு. மைசூரில் செய்து 1962 தேர்தலிலிருந்து நாடு முழுக்க வைக்கிற அந்த மை லேசில் போகுமா? இருபத்து நான்கு நாள் ஆகியும் நகத்தில் பாதி அப்படியே இருந்தது. மை வைக்கிறவர் இடது கையைப் பார்த்தார், சுத்தம். தற்செயலாக வலது கை கண்ணில் பட்டது. "ஹே காய்?" என்றார், முகம் மாறி. பின்னால் தங்கமணிக்கும் வலது கையில் அதே கறை! ஊரிலிருந்து ஜோடியாகக் கிளம்பி வந்த கள்ள ஓட்டுக் கும்பல் என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரிந்த மராத்தியில், "ஆயிச்ச மத்தான்" என்றேன். அம்மாவின் ஓட்டு. தங்கமணி "பாபாஞ்ச்ச" என்று சேர்த்துக்கொண்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, புரிந்து, சிரித்து, இடது கையில் மை வைத்தார். அடுத்த ஒரு மாதம் இரண்டு கை விரலிலும் மையோடு கீபோர்டு தட்டினேன்.

இந்தக் கதையை அபார்ட்மெண்டில் நாலு பேரிடம் சொன்னதன் பலன், அந்த வருடம் நவம்பர் 20-ல் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் வந்தபோது நான் 'எக்ஸ்பர்ட்' ஆகிவிட்டேன். இரண்டாம் மாடி மாமாவுக்கு பக்கவாதம் வந்து வலது கை வராது. எதிர் விங் மாமிக்கு அம்மாவைப் போலவே கண். இரண்டு பேர் பிள்ளைகளும் அமெரிக்காவில். இரண்டு பேரும் என்னையே கேட்டார்கள். ஒருவருக்குத்தான் போக முடியும் என்று விதியைச் சொன்னேன்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மெஷினில் பெயரெல்லாம் மராத்தியில். வெறுமனே படிக்கத் தெரியாது என்பதற்காகத் துணையாளை அனுமதிக்கமாட்டார்கள், சின்னம் இருக்கிறதே அதைப் பார்த்துப் போடு என்பார்கள். நம் ஊரில் வாரப் பத்திரிகையை அட்டை டு அட்டை படித்த அம்மா இங்கே வந்தால் எழுத்தறியாதவள்தான், சின்னம்தான் கதி. அந்தச் சின்னமும் அந்த வருடம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வில் அம்பு ஒரு சேனாவுக்கு, தீப்பந்தம் இன்னொரு சேனாவுக்கு. கடிகாரம் ஒரு பவாருக்கு, கொம்பு ஊதும் மனிதன் இன்னொரு பவாருக்கு. கண் தெரிந்தவர்களே தடுமாறினார்கள்.

மாமி யோசித்துவிட்டு, "நீ மாமாவோட போ. நேக்கு நீ வேண்டாம்" என்றார்.

"ஏன் மாமி?"

"நோக்கு வாய் ஜாஸ்தி. உங்கம்மா ஓட்டுப் போட்ட கதை இந்தக் காம்ப்ளெக்ஸ்ல யாருக்குத் தெரியாது?"

"யாருக்குப் போட்டான்னு சொல்லலையே மாமி!"

"அது சரி. நேக்கு அதுகூட வேண்டாம்."

மாமி தேர்ந்தெடுத்தது எங்கள் வாட்ச்மேனின் மகளை. அந்த ஜூனில்தான் பதினெட்டு முடிந்து, பட்டியலில் பெயர் சேர்ந்து, முதல் ஓட்டுப் போடப் போகிற பெண். மராத்தி அவளுக்குத் தாய்மொழி. மாமியோடு அவள் பேசுவது கறிகாய் விலையும் சீரியல் கதையும்தான். தேர்தலுக்கு முந்தின நாள் மாமி அவளை உட்கார வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய காலண்டர் அட்டையில் வரிசையாகப் படம் வரையச் சொல்லி ஒத்திகையே பார்த்தாராம்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண் இரண்டு கை ஆள்காட்டி விரலையும் துணியில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள், மெகந்தி காயாத கல்யாணப் பெண் மாதிரி.

"ஆச்சா மாமி?" என்றேன்.

"ஆச்சு. நின்னு வம்பளக்காம நீ போய் மாமாவைக் கூட்டிண்டு போ. வெயில் ஏறிடும்."